அப்பத்தாவுக்கு வந்தது வெறும் மறதியா?

சாப்பிட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"எனக்கு இன்னும் யாரும் சோறு போடலையே" என்கிறார் அப்பத்தா.

மருமகளுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. சோறு போட்டதும் அவள்தான். மோர் ஊற்றியதும் அவள்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டால் என்ன நினைப்பார்கள்?

"அத்தை வேண்டுமென்றே சொல்கிறார்" என்று மருமகள் அழுகிறாள்.

"வயசானால் அப்படித்தான்" என்று மகன் சமாதானம் சொல்கிறான்.

இரண்டு பேர் சொல்வதும் தவறாக இருக்கலாம்!

ஆலங்குடிப் பக்கம், அறந்தாங்கிப் பக்கம், பொன்னமராவதிப் பக்கம் என்று புதுக்கோட்டை மாவட்டத்தில் பல வீடுகளில் நடப்பது இது. பல வீட்டுக் கதையை ஒரு வீட்டுக் கதையாகச் சேர்த்துச் சொல்கிறோம். ஊரும் வேண்டாம், பேரும் வேண்டாம்.

அப்பத்தாவுக்கு வந்திருப்பது என்ன? டாக்டர் சொல்ல வேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகலாம். சில மாதங்களும் ஆகலாம். அதுவரை வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்வது? இதுதான் இன்றைய கேள்வி.

எத்தனை பேர்?

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருக்கிறது என்று 2023ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. 100 முதியவர்களை எடுத்துக்கொண்டால் 7 பேருக்கு மேல். ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். பட்டணத்தைவிடக் கிராமத்தில் அதிகம்.

உலகம் முழுவதும் 2021ல் 5 கோடியே 70 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

தமிழ்நாட்டில் முதியவர்கள் தொகை வேகமாகக் கூடி வருகிறது. மத்திய அரசின் மதிப்பீட்டின்படி, 2021ல் தமிழ்நாட்டு மக்களில் 100க்கு 13 பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். 2031ல் இது 100க்கு 18 ஆக உயரும். முதியவர்கள் கூடினால் இந்த நோயும் கூடும். ஆகவே, இது ஏதோ ஒரு வீட்டுச் சங்கதி அல்ல. நாட்டின் பிரச்சினை.

வயதா? வியாதியா?

சாவியை வைத்த இடம் மறந்துபோகிறது. தேடினால் கிடைக்கிறது. "அட, இங்கே அல்லவா வைத்தேன்!" என்று நினைவு வருகிறது. இது வயதால் வரும் சாதாரண மறதி. பயப்பட வேண்டாம்.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "இது எதற்கு?" என்று கேட்டால்? அது சாதாரண மறதி அல்ல.

40 வருடமாகப் போய்வந்த கோயிலில் இருந்து வீடு திரும்ப வழி தெரியவில்லை. குழம்பில் உப்பை இரண்டு தடவை போடுகிறார். சந்தையில் மீதிச் சில்லறை எண்ணத் தெரியவில்லை. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். சுருக்குப் பையை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு, "யாரோ திருடிவிட்டார்கள்" என்கிறார். அமைதியானவர் எரிந்து விழுகிறார்.

இவற்றில் இரண்டு மூன்று இருந்தாலே டாக்டரிடம் போக வேண்டும்.

இந்த மறதி நோய்க்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் டிமென்ஷியா. அதில் பல வகை உண்டு. அதிகம் காணப்படும் வகை அல்சைமர் நோய். அல்சைமர் என்பது ஒரு ஜெர்மன் டாக்டரின் பெயர். 1901ல் அவரிடம் அகஸ்தே என்ற 51 வயதுப் பெண் வந்தாள். கேட்டதை அவளால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. 1906ல் அவள் இறந்தாள். அவளுடைய மூளையை அல்சைமர் ஆராய்ந்தார். மூளை சுருங்கிக் கெட்டிருப்பதைக் கண்டார். இது மனக்கோளாறு அல்ல, மூளையைத் தாக்கும் வியாதி என்று தெரிந்தது.

ஆக, அப்பத்தா வேண்டுமென்று செய்யவில்லை. பேய் பிடிக்கவில்லை. செய்வினையும் இல்லை.

நல்ல செய்தியும் உண்டு

மறதி என்றவுடன் "இனி அவ்வளவுதான்" என்று சிலர் கை விட்டுவிடுகிறார்கள். அது பெரிய தவறு.

ஏன்? மறதிக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். அவற்றில் சிலவற்றை மருந்து கொடுத்துச் சரி செய்யலாம்.

தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யாவிட்டால் மறதி வரும். பி-12 என்ற வைட்டமின் குறைந்தாலும் வரும். உடம்பில் உப்புச் சத்து குறைந்தால் புத்தி குழம்பும். சர்க்கரை மிகவும் இறங்கினாலும் குழம்பும்.

கணவரை இழந்த துக்கத்தில் சில தாய்மார்கள் வாய் பேசாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். மனச்சோர்வு மறதியைப் போலவே தோற்றம் தரும்.

தூக்க மாத்திரை, அரிப்புக்கும் சளிக்கும் கடையில் வாங்கும் சில மாத்திரைகள், இவையும் முதியவர்களின் நினைவைக் கெடுக்கும்.

கிணற்றடியில் வழுக்கி விழுந்து தலையில் லேசாக அடி பட்டிருக்கும். அன்று ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்து, மண்டைக்குள் ரத்தம் கசிந்து கட்டியிருப்பதால் குழப்பம் வரலாம். ஆபரேஷன் செய்தால் குணமாகும்!

காது கேட்காமல் போனாலும், "சொன்னது மறந்துவிட்டது" என்று நாம் தவறாக நினைக்கிறோம். அவர் மறக்கவில்லை. அவர் காதில் விழவே இல்லை.

இவற்றை எல்லாம் பார்த்த பிறகுதான் இது டிமென்ஷியா என்று டாக்டர் முடிவு சொல்ல முடியும். அல்சைமர் நோய் என்றே முடிவானாலும், அதை முழுக்கக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் நினைவைக் கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும் மாத்திரைகள் உண்டு. சீக்கிரம் போனால் பலன் அதிகம்.

ஒரு எச்சரிக்கை! நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று உளறினால் காத்திருக்கக் கூடாது. வாய் கோணினாலும், கை கால் விழுந்தாலும், காய்ச்சலோடு புத்தி தடுமாறினாலும் உடனே 108க்குப் போன் செய்யுங்கள். அது வாரக் கணக்கில் பார்க்கும் வியாதி அல்ல. நிமிஷக் கணக்கு!

ஏன் இத்தனை நாள்?

"ஒரு ஊசி குத்தி ரத்தம் எடுத்தால் தெரிந்துவிடாதா?" என்று பலர் கேட்கிறார்கள்.

தெரியாது. முதலில் ரத்தப் பரிசோதனைகள். பிறகு தலைக்கு ஸ்கேன். பிறகு நினைவுச் சோதனை. சில மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டி வரலாம். மறதி கூடுகிறதா, குறைகிறதா என்று பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

முதலில் பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். அங்கிருந்து புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். இந்தக் கல்லூரி 2017ல் திறக்கப்பட்டது. தேவைப்பட்டால் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போக வேண்டி வரும்.

கடற்கரை ஓரத்து மணமேல்குடியில் இருந்து புதுக்கோட்டை 60 கிலோ மீட்டருக்கு மேல். முதியவரைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வர வேண்டும். கூட வருபவருக்கு ஒரு நாள் கூலி போகும். நாலு தடவை வந்தால் நாலு நாள் கூலி. இதனால்தான் பலர் முதல் தடவையோடு நின்றுவிடுகிறார்கள்.

நிற்காதீர்கள்! பாதியில் நின்றால், குணமாகக்கூடிய காரணமும் கண்ணில் படாமல் போய்விடும்.

அறிவொளி பெற்ற தாய்மார்கள்

இங்கே புதுக்கோட்டைக்கு மட்டும் உரிய ஒரு சங்கதியைச் சொல்ல வேண்டும்.

1991ல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். வயல் வேலை செய்தவர்களும் கல் உடைத்தவர்களும் இரவில் சிலேட்டுப் பிடித்தார்கள். பெண்கள் ஆயிரக் கணக்கில் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள். நாடே திரும்பிப் பார்த்தது.

அன்று 35 வயதில் அ, ஆ எழுதிய தாய்க்கு இன்று 70 வயதை ஒட்டி இருக்கும். மறதி நோய் எட்டிப் பார்க்கும் வயது அது.

படிப்புக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு. சிறு வயதில் படிப்புக் கிடைக்காதவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வெளிநாட்டில் உண்டாக்கிய நினைவுச் சோதனைகளில் "ஒரு வாக்கியம் எழுது", "இந்தப் படத்தைப் பார்த்து வரை" என்று கேட்பார்கள். பள்ளிக்கூடமே போகாத ஒரு பாட்டி அதைச் செய்ய முடியாமல் விழித்தால், அது மறதியா? இல்லை! பழக்கம் இல்லை. அவ்வளவுதான்.

இதை உணர்ந்த ஆராய்ச்சியாளர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் சரியாகச் சோதிக்கும் முறையைத் தேடினார்கள். இதற்காகப் பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சியில் சென்னையும் வேலூர்க் கிராமங்களும் சேர்ந்திருந்தன. அந்த முறையில் முக்கியமானது என்ன தெரியுமா? நோயாளியைக் கேட்பதோடு நிற்காமல், கூட இருப்பவரையும் கேட்பது! "முன்பு என்ன வேலை செய்தார்? இப்போது எதைச் செய்ய முடியவில்லை?" என்று வீட்டாரிடம் விசாரிப்பது.

அதாவது, நீங்கள் சொல்லும் பதில் மருத்துவத்தில் ஒரு பங்கு!

ஒரு நோட்டுப் புத்தகம்

ஆஸ்பத்திரியில் கூட்டம். டாக்டர் கேட்கிறார்: "எப்போதிலிருந்து இப்படி?"

"கொஞ்ச நாளாத்தான் சார்."

கொஞ்ச நாள் என்றால் ஒரு மாதமா? ஒரு வருடமா? டாக்டருக்கு எப்படித் தெரியும்?

ஆகவே, இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தேதி போட்டு எழுதுங்கள். பெரிய எழுத்து, சின்ன வாக்கியம் போதும். இப்படி:

"செவ்வாய். மாத்திரை போட்டதை மறந்து இன்னொரு தடவை கேட்டார்."

"வெள்ளி. கோயிலில் இருந்து வரும்போது அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்."

"ஞாயிறு. இரவு 2 மணிக்கு எழுந்து வாசல் தெளிக்கப் போனார்."

முதல் மாறுதல் எப்போது கண்ணில் பட்டது? பேரன் கல்யாணத்துக்கு முன்பா, பின்பா? கீழே விழுந்தாரா? தூக்கம் எப்படி? பசி எப்படி? நடை தளர்கிறதா? சிறுநீர் அடக்க முடியவில்லையா? எல்லாவற்றையும் எழுதுங்கள். நல்ல நாளையும் எழுதுங்கள்.

வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். நாட்டு மருந்து, கடையில் கேட்டு வாங்கிய மருந்து, எதையும் மறைக்க வேண்டாம்.

உங்களுக்கு எழுத வரவில்லையா? பள்ளிக்கூடம் போகும் பேத்தி எழுதுவாள்.

வீட்டில் என்ன செய்வது?

டாக்டர் முடிவு சொல்லும்வரை, மறதி நோய் இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டு அன்பாக நடந்துகொள்ளுங்கள். பிறகு "நோய் இல்லை" என்று வந்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

"நான் யார்? சொல்லு பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். பதில் தெரியாதவருக்கு அது அவமானம். "அப்பத்தா, நான்தான் உங்க பேத்தி வந்திருக்கேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

"யாரோ என் காசை எடுத்துட்டாங்க" என்றால் சண்டை வேண்டாம். "வாங்க அத்தை, சேர்ந்து தேடுவோம்" என்று கூடத் தேடுங்கள்.

இறந்துபோன கணவரை, "இன்னும் வயலில் இருந்து வரலையே" என்று தேடுவார். "அவர்தான் செத்து 10 வருடம் ஆச்சே" என்று சொன்னால், அவருக்கு அது இன்றுதான் நடந்த சாவு. ஒவ்வொரு தடவையும் புதிதாக அழுவார். "அவர் வயல்ல என்ன போடுவார்?" என்று பேச்சை மாற்றுங்கள்.

தினமும் ஒரே நேரத்தில் குளியல், சாப்பாடு, தூக்கம். பெரிய கடிகாரம், தேதி கிழிக்கும் காலண்டர் கண்ணில் படும்படி இருக்கட்டும். இரவில் கழிப்பறை வழியில் ஒரு விளக்கு எரியட்டும்.

வேலையைப் பிடுங்காதீர்கள். மூளை மறந்தாலும் கை மறப்பதில்லை. கடலை உடைப்பது, புளி ஆய்வது, பூக் கட்டுவது, கோலம் போடுவது, தெரிந்ததைச் செய்யட்டும். கோணலாக இருந்தால் இருக்கட்டும்!

சிலிண்டரை அடுப்பு வேலை முடிந்ததும் மூடுங்கள். கிணற்றுக்குக் கம்பி வலை போடுங்கள். ஊரணிப் பக்கம் தனியாகப் போக விடாதீர்கள்.

டீக்கடைக்காரர், ரேஷன் கடைக்காரர், டவுன் பஸ் கண்டக்டர் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். வீட்டுப் போன் நம்பரை ஒரு துணியில் எழுதி உள்பாவாடையிலோ சட்டையிலோ தைத்துவிடுங்கள். காணாமல் போனால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம். உடனே 112க்குப் போன் செய்யுங்கள்.

எந்தக் காரணத்துக்காகவும் கட்டிப் போடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6ல் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அந்தப் பாடத்தை மறக்கக் கூடாது.

கைநாட்டு ஜாக்கிரதை

மறதி உள்ள வீட்டைச் சுற்றிச் சிலர் வட்டமிடுவார்கள். "பாட்டி, இதில் ஒரு கைநாட்டு" என்பார்கள். அது வெள்ளைத் தாளாக இருக்கலாம். நிலப் பத்திரமாகவும் இருக்கலாம்.

சொந்தப் பிள்ளைகளே இதைச் செய்வதும் உண்டு.

புத்தி தெளிவில்லாத நேரத்தில் செய்த ஒப்பந்தம் செல்லாது என்று 1872ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. பெற்றோர், முதியோர் பாதுகாப்புச் சட்டம் 2007ல் வந்தது. "கடைசிவரை கவனிக்கிறேன்" என்ற நிபந்தனையில் சொத்தை எழுதி வாங்கிவிட்டுக் கை விட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இதற்கு ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுக்கலாம். புதுக்கோட்டை, அறந்தாங்கி, இலுப்பூர் ஆகிய இடங்களில் ஆர்.டி.ஓ. அலுவலகங்கள் உள்ளன.

டாக்டர் முடிவு சொல்லும்வரை சொத்துப் பத்திரம் எதிலும் அவசரப்பட்டுக் கையெழுத்து வாங்க வேண்டாம். பென்ஷன் பணத்தை யார் எடுக்கிறார், எதற்குச் செலவாகிறது என்பதும் அந்த நோட்டுப் புத்தகத்தில் இருக்கட்டும். பிறகு அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபம் வராது.

கவனிப்பவரை யார் கவனிப்பது?

இரவெல்லாம் விழித்திருப்பது யார்? பெரும்பாலும் மருமகள், அல்லது மகள். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். மாதம் தவறாமல் பணம் வருகிறது. ஆனால், தூக்கத்தைப் பணமாக அனுப்ப முடியுமா?

வாரத்தில் ஒரு நாளாவது வேறொருவர் பொறுப்பு ஏற்க வேண்டும். நாத்தனார் வரட்டும். சின்ன மருமகள் வரட்டும். சிங்கப்பூர் மகன் தினமும் போனில் முகத்தைக் காட்டி 10 நிமிஷம் பேசட்டும். "நீ நல்லாத்தான் பார்த்துக்கிறே" என்று மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லட்டும்.

களைத்துப் போனவர் கோபத்தில் கை ஓங்கிவிடுவார். அதற்கு முன்பே உதவி கேளுங்கள். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணும், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணும் உள்ளன. தமிழிலேயே பேசலாம்.

வெட்கம் எதற்கு?

"வெளியே தெரிந்தால் பைத்தியம் என்பார்கள். பேத்திக்கு மாப்பிள்ளை கிடைக்காது" என்று பயந்து, அப்பத்தாவை உள்ளறையில் வைத்துவிடுகிறார்கள்.

1994 நவம்பரில், அமெரிக்காவின் ஜனாதிபதியாக இருந்த ரீகன், தமக்கு அல்சைமர் நோய் வந்திருப்பதைத் தம் கைப்படக் கடிதம் எழுதி நாட்டு மக்களுக்குச் சொன்னார். நம் நாட்டின் ராணுவ மந்திரியாக இருந்த ஜார்ஜ் பெர்னாண்டசுக்கும் இந்த நோய் வந்தது. பெரிய பதவியில் இருந்தவர்களுக்கும் வரும் வியாதி, நம் வீட்டுக்கு வந்தால் அது குற்றமா?

வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த நோயில் கிட்டத்தட்டப் பாதியை, 100க்கு 45 வரை, தடுக்கவோ தள்ளிப் போடவோ வழி இருக்கிறது என்று 2024ல் ஒரு சர்வதேச டாக்டர்கள் குழு சொன்னது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு இவற்றை அடக்கி வைக்க வேண்டும். பீடி, சிகரெட், சாராயத்தை விட வேண்டும். காது, கண் கோளாறைச் சரி செய்ய வேண்டும். நடக்க வேண்டும். நாலு பேரோடு பழக வேண்டும். பெண் குழந்தைகளைப் படிக்க வைக்க வேண்டும்.

அப்பத்தா மறுபடியும் கேட்கிறார்: "எனக்கு இன்னும் யாரும் சோறு போடலையே?"

இந்தத் தடவை மருமகள் அழவில்லை. "இதோ போடறேன் அத்தை" என்று சொல்லி ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுக்கிறாள். நோட்டுப் புத்தகத்தை எடுக்கிறாள். நேரத்தை எழுதுகிறாள்.

அடுத்த புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, அந்த நோட்டுப் புத்தகமும் கூடப் போகும்.